உப்பு டின்

மனைவி: ஒரே ஒரு ஓரம்ங்க. ரொட்டியோட கருகின ஓரம். அதுல என்ன இருக்கு, வெறும் காத்து.

கணவன்: கைய எடு. மாத்திரை போட்டு இன்னும் ஒரு மணி நேரம் ஆகல.

மனைவி: ஆயிடுச்சு.

கணவன்: எந்தக் கடிகாரத்துல?

மனைவி: என் வயித்துல.

கணவன்: அது எப்பவும் வேகமாத்தான் ஓடும். ட்ரேய விட்டுத் தள்ளி நில்லு, சுடும்.

மனைவி: இந்த பேக்கரிக்கு மாவு பிசையறவ நானு. ட்ரே சுடும்னு எனக்கே பாடம் எடுக்கறீங்களா?

கணவன்: பிசையறதோட உன் வேல முடிஞ்சுது. நேத்து சாயங்காலம் பிசைஞ்சு வெச்ச, விடிஞ்சதும் நான் ஓவன்ல தள்ளினேன், இதோ வந்துடுச்சு. நீ சமத்தா உக்காரு. டாக்டரம்மா என்ன சொன்னாங்க? எழுந்ததும் வெறும் வயித்துல, வெறும் தண்ணியில தைராய்டு மாத்திரை. அப்புறம் ஒரு மணி நேரம் காபி கிடையாது, டீ கிடையாது...

மனைவி: ரொட்டி கிடையாதுன்னு சொல்லவே இல்ல.

கணவன்: தனியா வேற சொல்லணுமா? அடுத்த தடவை நான் எழுதி வாங்கிட்டு வரேன்.

நாத்தனார்: டேய் தம்பி, வெளிய ஆளுங்க வந்து நிக்கறாங்க. ஷட்டரத் தூக்கட்டுமா?

மனைவி: தூக்காதீங்க அண்ணி. இன்னிக்கு முதல் துண்டு என்னுது.

நாத்தனார்: உன்னுதா? இத்தனை நாளா உன் புருஷன்தானே மென்னுட்டுத் தலையாட்டிக்கிட்டு இருந்தான்.

மனைவி: அதுக்குத்தான் சொல்றேன். மாவு பிசைஞ்சவங்க முதல் துண்டத் தின்னுட்டு சரின்னு சொன்னாத்தான் கடை திறக்கணும். உங்க அப்பா போட்ட சட்டம். உங்க தம்பி தின்னுட்டு எல்லாத்துக்கும் நல்லாருக்குங்கறாரு.

கணவன்: நல்லா இருந்தா நல்லாருக்குன்னுதானே சொல்ல முடியும்.

நாத்தனார்: அதச் சொல்லு. நேத்து ரிப்போர்ட்டுல என்னடா வந்துச்சுன்னு கேட்டேன், அதுக்கும் 'நல்லாருக்கு'ங்கறான். நீ சொல்லும்மா, டாக்டர் என்ன சொன்னாங்க?

மனைவி: இறங்கிடுச்சு அண்ணி. முதல் தடவை பாத்தப்போ ஏதோ பஸ் நம்பர் மாதிரி இருந்துச்சுல்ல? இப்ப இருக்க வேண்டிய இடத்துல வந்து உக்காந்துடுச்சு. இதே மாத்திரைய விடாம போடுங்கன்னாங்க.

நாத்தனார்: எவ்வளவு நாளைக்கு?

மனைவி: ஆயுசு முழுக்க.

நாத்தனார்: அட, அதுக்கென்ன இப்ப. நான் ஆயுசு முழுக்க இவனக் கட்டி மேய்க்கல? நீ ஒரு மாத்திரைய மேய்க்க மாட்டியா?

கணவன்: அக்கா, காலங்காத்தால ஆரம்பிக்காத.

நாத்தனார்: ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு வருத்தம் இருக்கத்தான் செய்யுது. நான் வேற நெனச்சேன்...

மனைவி: அய்யோ அண்ணி, வேண்டாம்.

நாத்தனார்: பின்ன என்னம்மா. முகம் உப்பியிருக்கு. எப்பப் பாத்தாலும் தூக்கம். வயிறு வேற லேசா மேடு கட்டியிருக்கு. எந்த நாத்தனாரா இருந்தாலும் என்ன நெனப்பா?

கணவன்: நெனச்சதோட நிறுத்தினியா? குட்டியா ரெண்டு ஸ்வெட்டர் பின்னி வெச்சுட்ட.

நாத்தனார்: மஞ்சள் கலர்ல. ஆணோ பொண்ணோ, ரெண்டுக்கும் ஆகும்னு.

மனைவி: பெருசா ஒண்ணு பின்னியிருந்தா நானே போட்டிருப்பேன். அந்தக் குளிரு குளிருச்சு எனக்கு.

நாத்தனார்: எப்படியோ, என் சந்தேகத்துலதானே டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனேன். அவங்க இவ வயித்தத் தொடவே இல்ல. கழுத்தத் தொட்டுப் பாத்தாங்க. 'பாப்பா இல்லம்மா, தைராய்டு சுரக்கறது கம்மி'ன்னுட்டாங்க. எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு.

மனைவி: எனக்கு உயிர் வந்துச்சு. சோம்பேறி இல்லடி நீ, ஒரு சுரப்பி தூங்குதுன்னு யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன்.

கணவன்: ஓவன் பக்கத்துல நின்னு குளிருதுன்னா யாருக்குத்தான் சந்தேகம் வராது? நான் வேர்வையில குளிச்சுக்கிட்டு இருப்பேன், இவ கம்பளியச் சுத்திக்கிட்டு மாவு மூட்டை மேல சுருண்டு கெடப்பா. ஒரு நாள் மூட்டைன்னு நெனச்சுத் தூக்கப் போயிட்டேன்.

மனைவி: தூக்க முடிஞ்சுதா?

கணவன்: அதச் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் இந்த வீட்லதான் சாப்பாடு.

நாத்தனார்: குரல் கட்டையாப் போனத மறந்துட்டியே. போன்ல கேக் ஆர்டர் குடுக்கறவங்க எல்லாம் இவளுக்கு 'ஓகே சார்' சொன்னாங்க.

மனைவி: ஒருத்தர் 'தம்பி, கடையில அம்மா யாராச்சும் இருந்தா குடுப்பா'ன்னாரு. நானும் 'இருங்க, கூப்பிடறேன்'னுட்டு அண்ணிகிட்டக் குடுத்தேன்.

கணவன்: மறதியச் சொல்லு. ஈஸ்ட்ட ஒரு தடவை போட்டா, மறந்துட்டு இன்னொரு தடவை போட்டா. மாவு பொங்கி, பாத்திரத்த விட்டு இறங்கி, வாசப்பக்கம் நடந்து போகுது.

மனைவி: நடக்கல. எட்டிப் பாத்துச்சு.

கணவன்: கதவு வரைக்கும் எட்டிப் பாத்துச்சு.

மனைவி: போதும் கிண்டல். இப்ப பாருங்க, ஸ்வெட்டர் இல்ல. மூட்டை மேல படுக்கல. உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி எழுந்தேன். தலையில சீப்பு வெச்சா முடி கையோட வர்றதில்ல. மணி என்ன ஆச்சு? இப்பவாச்சும் ஆச்சா?

கணவன்: ...ஆச்சு.

மனைவி: கத்தியக் குடுங்க.

கணவன்: முதல்ல ஒரு காபி குடிச்சுக்கயேன். ரொட்டிக்கு என்ன அவசரம்.

மனைவி: காபி அப்புறம். நேத்து ஒரு ஆரஞ்சு உரிச்சுத் தின்னேன்ல... புளிச்சுது தெரியுமா?

கணவன்: ஆரஞ்சுன்னா புளிக்கத்தானே செய்யும்?

மனைவி: உங்களுக்குப் புளிக்கும். எனக்கு ரொம்ப நாளா எதுவும்... விடுங்க. கத்தி.

கணவன்: எதுவும்னா?

மனைவி: கத்தியக் குடுங்கன்னா.

நாத்தனார்: குடேன்டா. எதுக்கு அதக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்கற?

கணவன்: இந்தா. மெல்லிசா வெட்டிக்க. ரொம்ப வேண்டாம், வெறும் வயிறு.

மனைவி: தடியாத்தான் வெட்டுவேன். எத்தனை நாள் பாக்கி.

நாத்தனார்: என்னம்மா, எப்படி இருக்கு?

கணவன்: மெல்லு மெல்லு. சூடா இருக்குல்ல, அதான் சட்டுனு ருசி தெரியாது.

நாத்தனார்: சொல்லும்மா. ஷட்டரத் தூக்கலாமா வேண்டாமா?

மனைவி: இனிக்குது.

கணவன்: என்னது?

மனைவி: ரொட்டி இனிக்குதுங்க.

நாத்தனார்: டேய்...

கணவன்: அக்கா, நீ சும்மா இரு.

மனைவி: அண்ணி எதுக்கு 'டேய்'ங்கறாங்க?

கணவன்: அவ என்னிக்கு என்ன 'டேய்' போடாம கூப்பிட்டிருக்கா. இங்க குடு, நான் பாக்கறேன்... ம்... ம்ம்... இல்லையே. சரியாத்தான் இருக்கு. உப்பு கணக்கா இருக்கு.

மனைவி: இனிக்கலையா?

கணவன்: இல்லம்மா. நல்லாருக்கு.

மனைவி: அண்ணி, நீங்க ஒரு வாய்...

நாத்தனார்: எனக்கெதுக்கும்மா. நான் இன்னும் பல்லே தேய்க்கல.

மனைவி: பொட்டு வெச்சு, தலை வாரி, கடைக்கு வந்து நிக்கறீங்க. பல்லு மட்டும் தேய்க்கலையா?

நாத்தனார்: ...மறந்துட்டேன். எனக்கும் தைராய்டா இருக்கும்.

மனைவி: அப்ப என் நாக்குதான்.

கணவன்: என்ன உன் நாக்கு?

மனைவி: உப்பு போட்ட ரொட்டி எனக்கு இனிக்குது. உங்களுக்குச் சரியா இருக்கு. அப்ப யாருக்குக் கெட்டுப் போச்சு?

கணவன்: அப்படியெல்லாம் இல்ல. மெல்ல மெல்லத்தான் சரியாகும்னு டாக்டரே சொல்லியிருக்காங்க.

மனைவி: ரிப்போர்ட் சரின்னு வந்தாச்சு. குளிரு போச்சு, தூக்கம் போச்சு, குரல் வந்துடுச்சு. மாத்திரை அதால முடிஞ்சதச் செஞ்சுடுச்சுங்க. இதுக்கு மேலயும் நாக்கு வரலன்னா, அது வராது.

கணவன்: ஏன் வராது? வந்துடும்.

மனைவி: எனக்கொண்ணும் அழுகை வரல. தெளிவாத்தான் பேசறேன். நீங்க ஒரு நல்ல மாஸ்டராப் பாத்து வெச்சுக்கங்க. நான் அண்ணிகூட கவுன்ட்டர்ல நின்னு ரொட்டிய கவர்ல போட்டுக் குடுக்கறேன்.

நாத்தனார்: கவுன்ட்டர்ல ஒருத்தர் நிக்கத்தாம்மா இடம் இருக்கு.

மனைவி: அப்ப ட்ரே கழுவறேன்.

கணவன்: நீ ட்ரே கழுவறதா? உன் கை பட்டாத்தான் இந்த மாவு மாவாகுது. என்ன பேசற நீ?

மனைவி: உப்பு எது சர்க்கரை எதுன்னு தெரியாத நாக்க வெச்சுக்கிட்டு பேக்கரியில எனக்கென்னங்க வேல? நாளைக்கு யாராவது ஒரு கடி கடிச்சுட்டுத் துப்பினா? அப்பவும் நீங்க நல்லாருக்குன்னு சொல்லுவீங்க. நான் அதயும் நம்பிக்கிட்டு நிக்கணுமா?

நாத்தனார்: டேய், சொல்லிடுடா.

கணவன்: அக்கா...

நாத்தனார்: அவ முகத்தப் பாருடா. சொல்லித் தொலை.

மனைவி: என்ன சொல்லணும்?

கணவன்: ...உன் நாக்கு நல்லாருக்கு.

மனைவி: ஆறுதல் எல்லாம் வேண்டாங்க.

கணவன்: ஆறுதல் இல்ல. ரொட்டி நெஜமாவே இனிக்குது.

மனைவி: இப்பதானே இல்லன்னீங்க?

கணவன்: பொய் சொன்னேன்.

மனைவி: ரொட்டி எதுக்கு இனிக்கணும்? நான் உப்பு டின்லேந்து உப்பத்தானே அள்ளிப் போட்டேன்.

கணவன்: அந்த டின்ல... பாதிதான் உப்பு.

மனைவி: மீதி?

கணவன்: சர்க்கரை. திட்டு. ஏதாவது சொல்லு. அப்படிப் பாக்காத.

மனைவி: யாரு கலந்தது?

கணவன்: நான்தான்.

நாத்தனார்: பொடிசாப் பாத்து சர்க்கரை வாங்கிட்டு வந்தது நான். பெரிய பெரிய கல்லா இருந்தா அள்ளும்போது உன் கையில தட்டுப்படும்ல.

மனைவி: நீங்களுமா அண்ணி?

நாத்தனார்: கூடப் பொறந்த பாவம்.

மனைவி: எத்தனை நாளா நடக்குது இது?

கணவன்: நீ மூட்டை மேல தூங்க ஆரம்பிச்ச சமயத்துலேந்து. அப்பல்லாம் நீ மாவக் கிள்ளி வாயில போட்டுப் பாப்ப. பத்தலன்னு இன்னொரு கை உப்பு அள்ளிப் போடுவ. மறுபடியும் கிள்ளிப் பாப்ப, மறுபடியும் ஒரு கை. மறுநாள் ரொட்டிய வாயில வெக்க முடியாது. கடல் தண்ணி.

நாத்தனார்: அந்தத் தாடிக்காரர் இருக்காரே, நம்ம வாடிக்கை... ஒரு துண்டு தின்னுட்டு ரெண்டு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சாரு. மனுஷன் பாவம், வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல.

கணவன்: உப்பக் குறைன்னு சொன்னா உனக்குப் புரிஞ்சுடும். அதான் டின்லயே குறைச்சுட்டேன். நீ எத்தனை கை அள்ளிப் போட்டாலும் பாதிதானே உப்பு. ரொட்டி சரியாயிடுச்சு.

நாத்தனார்: சரியா மட்டுமா? லேசா இனிப்பு வந்ததுல தாடிக்காரர் இப்ப அவரோட தம்பி வீட்டுக்கும் சேத்து வாங்கிட்டுப் போறாரு.

மனைவி: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

கணவன்: சொல்லத்தான் வந்தேன். ஒரு நாள் காலையில வாயெடுத்தேன். நீ சீப்புல வந்த முடியக் கையில சுருட்டி வெச்சுக்கிட்டு, 'என்கிட்ட இருந்து ஒவ்வொண்ணாப் போகுதுங்க'ன்ன. முடி போகுது, குரல் போகுது, ஞாபகம் போகுதுன்ன. அப்ப நான் போய், நாக்கும் போச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்? என் வாயில வரல. நீ ஒடைஞ்சு போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு. அழறியா?

மனைவி: இல்ல. மூக்கு ஒழுகுது.

நாத்தனார்: எனக்கும் ஒழுகுது. இந்த ஓவன் புகை வேற.

மனைவி: எனக்குத் தெரியும்ங்க.

கணவன்: என்ன தெரியும்?

மனைவி: நாக்கு போனது. மருந்துக்குக்கூட ருசி தெரியல. ரொட்டியா, அட்டையான்னு தெரியாம மென்னுக்கிட்டு இருந்தேன். நீங்க ஒரு வாய் போட்டுக்கற வரைக்கும் காத்துக்கிட்டு நிப்பேன். உங்க முகம் சுருங்கலன்னா, 'ம், நல்லா வந்திருக்கு'ன்னு பெரிய மாஸ்டர் மாதிரி சொல்லிடுவேன்.

கணவன்: அடிப்பாவி. நான் என் முகம் சுருங்காம இருக்க எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?

மனைவி: மாத்திரை வந்ததும் கும்பிட்டேன். ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாதுன்னதும், முதல் துண்ட உங்க தலையில கட்டிட்டேன். தப்பிச்சோம்னு இருந்துச்சு.

நாத்தனார்: நல்ல ஜோடி. அவ உன் முகத்தப் பாத்துச் சொல்றா, நீ அவ முகத்தப் பாத்துச் சொல்ற. நடுவுல ரொட்டிய யாருமே தின்னு பாக்கல.

மனைவி: ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. உப்பு, சர்க்கரை அதெல்லாம் போகட்டும். நீங்க என்கூட சண்டை போட்டு எத்தனை நாளாச்சு, யோசிச்சுப் பாத்தீங்களா?

கணவன்: சண்டையா? எதுக்குச் சண்டை?

மனைவி: முன்னாடி ரொட்டி ஓரம் கொஞ்சம் கெட்டியா இருந்தாக் கூட 'என்னடி இது, செருப்பா'ன்னு கேப்பீங்க. நானும் கரண்டியத் தூக்குவேன். கடையே சிரிக்கும். திடீர்னு ஒரு நாள்லேந்து எல்லாத்துக்கும் 'நல்லாருக்கு, நல்லாருக்கு'. ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல நின்னு பேசற மாதிரி. எனக்கு அந்தக் குளிரு, தூக்கம், எதுவும் பயமா இல்ல. நீங்க மெதுவாப் பேசினதுதான் பயமா இருந்துச்சு. இவரே பொய் சொல்றாருன்னா நான் எவ்வளவு மோசமா இருக்கணும்னு தோணுச்சு.

கணவன்: ...நான் அப்படி நெனக்கலம்மா.

மனைவி: இந்த 'அம்மா'வும் வேண்டாம். 'டி' போடுங்க.

கணவன்: சரிடி.

மனைவி: இனிமே எனக்குப் பொய் சொல்லுவீங்களா?

கணவன்: மாட்டேன். இந்த ஓவன் மேல சத்தியம்.

மனைவி: ஓவன் அணைஞ்சுடப் போகுது.

கணவன்: அணையாது. நான் மனசாரச் சொல்றேன். நல்லா இருந்தா நல்லாருக்கும்பேன், செருப்பா இருந்தா செருப்பும்பேன்.

மனைவி: அப்ப இந்தாங்க, இன்னொரு துண்டு. ரெண்டு பேரும் வாங்குங்க. அண்ணி, பல்லு தேய்க்காட்டியும் பரவால்ல. நல்லா மென்னு, மறைக்காம சொல்லுங்க. எவ்வளவு இனிக்குது?

கணவன்: ...ஆமாடி. முதல்லயே இனிச்சுது. நான்தான் முழுங்கிக்கிட்டு உப்புன்னு சொன்னேன். நாக்குல ஒட்டுதுடி.

மனைவி: அவ்வளவா?

கணவன்: கேக் எல்லாம் கிட்ட நிக்க முடியாது. இதுக்கு மேல கிரீம் தடவி மெழுகுவர்த்தி ஏத்திடலாம்.

மனைவி: அண்ணி, உங்களுக்கு?

நாத்தனார்: இதப் போய் கேக்கணுமா? வாயெல்லாம் தித்திக்குது. சும்மா மிட்டாய் மாதிரி கரையுது. இன்னொரு துண்டு தின்னா எனக்குச் சர்க்கரை வியாதி வந்துடும்.

கணவன்: பாத்தியா? எங்க ரெண்டு பேருக்கும் இனிக்குது, உனக்கும் இனிக்குது. உன் நாக்கு தங்கம்டி. உண்மையச் சொல்லிட்டோம்ல, எனக்கு நெஞ்சு எவ்வளவு லேசாயிடுச்சு தெரியுமா... ஏன் சிரிக்கற? ஏய், என்னாச்சு? எதுக்கு வயித்தப் புடிச்சுக்கிட்டு...

மனைவி: நேத்து ஆரஞ்சு புளிச்ச சந்தோஷத்துல, மாவு பிசையறதுக்கு முன்னாடி அந்த டின்ல விரல விட்டு நக்கினேங்க. என் நாக்கும் வந்துடுச்சு, உங்க குட்டும் வெளிய வந்துடுச்சு. தனியா நின்னு சிரிச்சுச் சிரிச்சு அழுதுட்டு, டின்னக் கழுவிக் கவுத்திட்டேன். இந்த ரொட்டி புதுப் பாக்கெட் பிரிச்சுப் போட்டது, முழுக்க முழுக்க உப்பு. பொய்னு நெனச்சுக்கிட்டு முதல்ல 'உப்பு கணக்கா இருக்கு'ன்னீங்களே, அதான் உண்மை. ஓவன் மேல சத்தியம் பண்ணிட்டு அக்காவும் தம்பியுமா இப்ப சொன்னீங்களே... அதாங்க பொய்.